கிரகணத்தின் பின்பக்கம்

உட்காருங்க டீச்சர். அந்த நாற்காலி ஆடும், இதுல உட்காருங்க. வீட்டுக்காரம்மா மக ஊருக்குப் போயிருக்காங்க, காபி நான் போட்டதுதான். சுமாராத்தான் இருக்கும், குத்தம் சொல்லக்கூடாது.

பள்ளிக்கூட லைப்ரரிச் சாவி உங்க கைக்கு வந்து மூணு வாரம்தான் ஆகுது. அதுக்குள்ள பதினோரு பீரோவையும் திறந்து பார்த்து, பத்தொன்பதாம் ஆல்பத்துல அறுபத்திரண்டாம் பக்கம் உரிஞ்சு கிடக்கு, யாரு செஞ்சதுன்னு என் வீட்டைத் தேடி வந்து கேக்குறீங்க. எனக்கு சந்தோஷம்தான். நான் ரிட்டயர் ஆனப்புறம் அதையெல்லாம் எவரும் தொடக்கூட மாட்டாங்கன்னு நினைச்சிருந்தேன்.

யாரு செஞ்சதுன்னு கேட்டா, மாரிக்கனின்னு ஒரு பொண்ணு இருந்தா, அவளாலதான். அவளாலதான்னுதான் நான் இத்தனை நாளும் சொல்லிக்கிட்டு இருக்கேன். நீங்க முழுசாக் கேளுங்க, கேட்டுட்டு என்ன எழுதணுமோ எழுதிக்கங்க.

முதல்ல அந்த ஆல்பம் எல்லாம் எதுக்குன்னு தெரியணும். நான் வேலைக்குச் சேர்ந்தப்ப நம்ம லைப்ரரியில ரெண்டாயிரம் புஸ்தகம் இருந்துச்சு. பாதி யாரோ செத்துப்போனவங்க வீட்டுல இருந்து நன்கொடையா வந்தது. பிள்ளைங்க பூரா சுத்துப்பட்டுக் கிராமம். அப்பா அம்மா பட்டாசு வேலை, இல்லேன்னா தீப்பெட்டி, இல்லேன்னா அச்சாபீஸ். வீட்டுல காலண்டரைத் தவிர படிக்க ஒண்ணும் இருக்காது. வாத்தியார்மார் பாட்டுக்கு ப்ராஜெக்ட் கொடுத்துருவாங்க, மழைநீர் சேகரிப்பு, செயற்கைக்கோள், சத்துணவுன்னு. பிள்ளைங்க எங்க போகும்? என்கிட்டதான் வரும்.

அதுக்காக ஆரம்பிச்சதுதான் இந்த வெட்டி ஒட்டுற வேலை. யாரும் சொல்லிச் செய்யல. பள்ளிக்கூடத்துக்கு மூணு பேப்பர் வரும். ரெண்டு காலைப் பேப்பர், ஒண்ணு மாலைப் பேப்பர். அந்த மாலைப் பேப்பரை அப்புறம் மூடிட்டாங்க. மாசக் கடைசிச் சனிக்கிழமை கத்தரிக்கோலோட உட்கார்ந்தேன்னா, பொழுது சாயத்தான் எந்திரிப்பேன். அச்சாபீஸ்ல கழிச்சுப்போடுற கனத்த தாளை வாங்கிட்டு வந்து, நூல்போட்டுத் தைச்சு ஆல்பம் செய்வேன். பசை நானே காய்ச்சுவேன். மைதா மாவு, அதுல துளி மயில்துத்தம். துத்தம் போட்டாப் பூச்சி அரிக்காது. கடையில விக்கிற பசை ரெண்டு கோடைக்குத் தாங்காது டீச்சர். என் பசை ஒட்டினா ஒட்டினதுதான். ஏதாவது ஒரு ஓரம் தூக்கியிருக்கான்னு நீங்களே பாருங்க. ஒவ்வொரு துண்டுக்கும் மேல சிவப்பு மையில பேப்பர் பேரு, தேதி. தாளுக்கு ஒரு பக்கம்தான் ஒட்டுவேன். அப்படி நாப்பத்தியாறு ஆல்பம்.

நல்லதை மட்டும்தான் வெட்டுவேன். அறிவியல், உடல்நலம், விளையாட்டு, தலைவர்கள். கொலை, கொள்ளை, சினிமா, விபத்து, இதுக்கெல்லாம் என் ஆல்பத்துல இடமே கிடையாது. பட்டாசு ஊருல விபத்துச் செய்திக்கா பஞ்சம்? பிள்ளைங்க வீட்டுலயும் அதான் பேச்சு, தெருவுலயும் அதான் பேச்சு. லைப்ரரிக்குள்ள வந்தாலாவது நிலாவைப் பத்திப் படிக்கட்டுமேன்னு நினைச்சேன். அது தப்பா, சொல்லுங்க.

ஒரு பிள்ளை வந்து தலைப்பைச் சொன்னாப் போதும். எந்த ஆல்பம், எந்தப் பக்கம்னு எனக்கு மனப்பாடம். நானே எடுத்து, நானே திறந்து, இதுல இருந்து இதுவரைக்கும் எழுதுன்னு விரலை வச்சுக் காட்டிருவேன். தேட விடமாட்டேன். விட்டா கலைச்சிருவாங்க. நேரமும் மிச்சம், ஆல்பமும் பத்திரம். மாவட்டப் போட்டியில ஆறு தரம் நம்ம பள்ளிக்கூடம் பரிசு வாங்கியிருக்கு டீச்சர். மேடையில பிள்ளைங்க பேரைத்தான் சொல்வாங்க. நமக்கு அது போதும்.

மாரிக்கனி அப்ப பதினொண்ணாம் வகுப்பு. எண்ணெய் வச்சு இறுக்கிப் பின்னின சடை, தரையைப் பார்த்தே பேசுற பொண்ணு. வரலாற்று டீச்சர் 'செய்தித்தாளில் எங்கள் ஊர்'னு ஒரு ப்ராஜெக்ட் கொடுத்திருந்தாங்க. மத்த பிள்ளைங்க ஒரே நாள்ல வந்து எழுதிட்டுப் போயிருச்சு. புதுப் பாலம் திறந்தது, நம்ம பசங்க கபடியில ஜெயிச்சது, அவ்வளவுதான், நாலு பக்கம் நிறைஞ்சிரும். இவ மட்டும் பழைய பேப்பர் வேணும்னா. எதுன்னு கேட்டேன். பதிமூணு வருஷத்துக்கு முந்தி, ஆகஸ்ட் ஏழாம் தேதி, மாலைப் பேப்பர்.

வெட்டினது போக மிச்சத்தை எல்லாம் பழைய பேப்பர்காரர் அள்ளிட்டுப் போயிருவாரும்மா, இங்க எப்படி இருக்கும்னு சொன்னேன். அப்ப ஆல்பத்தைப் பார்க்கிறேன் சார்ன்னா. என்ன தலைப்புன்னு கேட்டா, தலைப்பு இல்ல சார், தேதிதான்னு சொல்றா. தலைப்பு இல்லாம எங்கேயாவது தேட முடியுமா? எனக்கு எரிச்சல்தான். ஆனா டீச்சர் சீட்டுக் கொடுத்து அனுப்பியிருக்காங்க, மறுக்க முடியல. ஒண்ணொண்ணாத் தர்றேன், பார்த்துட்டுத் திருப்பித் தரணும்னு சொல்லி விட்டேன்.

மத்தியானம் சோத்து மணி அடிச்சதும் வந்துருவா. சாப்பிட்டாளோ இல்லையோ. உட்கார்ந்து, சிவப்பு மையில இருக்கிற தேதியை மட்டும் பார்த்துப் பார்த்துப் புரட்டுவா. செய்தியில ஒரு வரி படிக்கமாட்டா. அவ்வளவு சிரமப்பட்டு ஒட்டி வச்சிருக்கேன், ஒரு வரி படிக்கலையேன்னு எனக்கு ஆத்திரமா வரும். இப்படிப் பதினேழு நாள்.

பதினேழாம் நாள் அறுபத்திரண்டாம் பக்கம் வந்துச்சு. அந்த வருஷம் சூரிய கிரகணம் வந்துச்சில்ல, அதுக்கு நாலு நாள் முன்னாடி வந்த அரைப்பக்கக் கட்டுரை. சூரியன், நிலா, பூமின்னு அழகாப் படம் போட்டிருக்கும். எத்தனை பிள்ளைங்க அதைப் பார்த்து வரைஞ்சு மார்க் வாங்கியிருக்கு தெரியுமா. மேல என் கையெழுத்துல ஆகஸ்ட் ஏழு, மாலைப் பேப்பர்.

அவ அதையும் படிக்கல. ஆல்பத்தைத் தூக்கிக்கிட்டு ஜன்னல்கிட்டப் போய், அந்த ஒரு தாளை மட்டும் வெயிலுக்கு நேராப் பிடிச்சா. தையல் விட்டுப்போகும்னு நான் சத்தம் போட்டேன். அவ காதுல விழல. கிட்டப் போய்ப் பார்த்தேன். கிரகணப் படத்துக்குள்ள இருந்து வரிசையா நாலு கட்டம் நிழலாத் தெரிஞ்சுச்சு. ஒவ்வொரு கட்டத்துக்குள்ளயும் ஒரு தலை.

"இதுல எங்க அம்மா இருக்காங்க சார்"ன்னா.

அப்புறம்தான் கேட்டுத் தெரிஞ்சுக்கிட்டேன். அவளுக்கு மூணு வயசுல வெம்பக்கோட்டைப் பக்கம் ஒரு பட்டாசு ஆலையில மருந்துக் கலவை அறை வெடிச்சிருக்கு. நாலு பேர். ரெண்டு ஆம்பளை, ரெண்டு பொம்பளை. அதுல ஒருத்தி இவ அம்மா சுப்புத்தாய். இருபத்திரண்டு வயசாம். கல்யாணம் கோயில்ல நடந்தது, படம் எடுக்கல. இருந்தது ஒரே ஒரு போட்டோ, ஆலையில அடையாள அட்டைக்குன்னு ஸ்டுடியோவுல எடுத்தது. செத்த வீட்டுக்கு வந்த பேப்பர்காரரு, படம் போடணும்னு அதை வாங்கிட்டுப் போயிருக்காரு. நீங்க வெளியூர், உங்களுக்குத் தெரியாது. இங்க எப்பவும் அப்படித்தான் வாங்கிட்டுப் போவாங்க. அழுதுக்கிட்டு இருக்கிற வீட்டுல யாரு திரும்பக் கேப்பா? அந்தப் போட்டோ வரவே இல்ல. இவ பெரியம்மா வீட்டுல வளர்ந்தவ. பேப்பர்ல உங்க அம்மா படம் வந்துச்சுன்னு பெரியம்மா சொல்லியிருக்காங்க. அந்தப் பேப்பரை எடுத்துவைக்க யாருக்கும் தோணல. பேப்பர் ஆபீசுக்கு எழுதிப் போட்டிருக்கா, ஆபீசே இல்ல. பெரிய லைப்ரரியில போய்க் கேட்டிருக்கா, அங்க அந்தப் பேப்பரை ஆறு மாசத்துக்கு மேல வச்சிருந்ததில்லையாம். கடைசியாத்தான் என்கிட்ட வந்திருக்கா.

சார், இந்தத் தாளை மட்டும் ஒரு நாள் தாங்கன்னு கேட்டா. பக்கத்து வீட்டு அண்ணன் ஒருத்தரு அச்சாபீஸ்ல பிளேட் போடுறாராம். அங்க அடியில லைட் எரியிற கண்ணாடி மேசை இருக்காம். அதுமேல தாளை வச்சுப் படம் எடுத்து, முன்பக்கத்து எழுத்தைக் கம்ப்யூட்டர்ல அழிச்சிட்டா, பின்பக்கத்துப் படம் ஓரளவுக்கு வந்துருமாம். எல்லாத்தையும் கேட்டு வச்சிருக்கா. ஒரே நாள் சார், மறுநாள் அப்படியே கொண்டுவந்து தந்துருவேன்னா.

நான் முடியாதுன்னுட்டேன். ஆல்பம் லைப்ரரியை விட்டு வெளிய போகாது. ஹெட்மாஸ்டர் வீட்டுக்குக் கேட்டப்பவே நான் கொடுத்ததில்ல. தாளைத் தனியா எடுக்கணும்னா தையலைப் பிரிக்கணும், பிரிச்சா மொத்த ஆல்பமும் போச்சு. அதோட இவ சொன்ன லைட்டு, மேசை எல்லாம் எனக்குக் கதை மாதிரி இருந்துச்சு. ஒருத்திக்காக விதியை மாத்தினா நாளைக்கு எல்லாரும் வந்து நிப்பாங்க டீச்சர். நீங்களும் இந்த வேலையில இருக்கிறவங்க, உங்களுக்குப் புரியும்.

அப்புறமும் தினமும் வந்தா. வந்து, அந்த ஆல்பத்தை வாங்கி, ஜன்னல்கிட்ட நின்னு தாளை வெயில்ல பிடிச்சுக்கிட்டே இருப்பா. மேகம் வந்தாக் காத்திருப்பா. ப்ராஜெக்ட் ஒரு வரி எழுதல. வரலாற்று டீச்சர் என்கிட்ட வந்து, என்ன சார், எல்லாருக்கும் உதவி பண்ணுவீங்க, இவளுக்குப் பண்ணலையான்னு கேட்டாங்க. எனக்கு அவமானமாப் போச்சு. ஆல்பத்தை பீரோவுல வச்சுப் பூட்டிட்டேன். முதல்ல ப்ராஜெக்டை முடி, அப்புறம் தர்றேன்னேன்.

அன்னைக்குத்தான் முதல் தடவை என்னை நிமிர்ந்து பார்த்தா. "சார், எங்க அம்மா மூஞ்சி எனக்குத் தெரியாது"ன்னா. அழல. வகுப்புல பதில் சொல்ற மாதிரித்தான் சொன்னா.

அந்த வாரம் எனக்குச் சோறு இறங்கல. நான் ஒண்ணும் கல்நெஞ்சுக்காரன் இல்ல டீச்சர். சனிக்கிழமை பள்ளிக்கூடம் லீவு. நான் மட்டும் போய்த் திறந்தேன். அவளை வரச்சொல்லல. சின்னப்பொண்ணு, பதட்டத்துல கையை வச்சுக் கெடுத்துருவான்னு தோணுச்சு. நானே எடுத்து, திங்கக்கிழமை அவ கையில கொடுத்தா எப்படி இருக்கும்னு நினைச்சேன். சொல்லப்போனா அந்த நினைப்புலயே எனக்கு ஒரு சந்தோஷம்.

எனக்குத் தபால்தலை சேர்க்கிற பழக்கம் உண்டு. கவர்ல இருந்து தபால்தலையை வெதுவெதுன்னு தண்ணி தொட்டு உரிப்போம், பழுதில்லாம வந்துரும். அதே மாதிரிதான் இதையும் செஞ்சேன். பருத்தித் துணியை நனைச்சுத் தாளுக்குப் பின்னாடி வச்சு ஊறவிட்டேன். முன்பக்கம் ஈரம் ஏறக்கூடாதுன்னு கிரகணத்து மேல மை ஒத்துற தாளை அடுக்கி வச்சேன். அரைமணிக்கு ஒரு தரம் மாத்தினேன். அப்புறம் ஓரத்தைத் தூக்கி, மெதுவா, மெதுவா உரிச்சேன்.

கிரகணம் அப்படியே வந்துச்சு டீச்சர். ஒரு எழுத்துகூடப் போகல. இன்னும் ஆல்பத்துக்குள்ளயே மடிச்சு வச்சிருக்கேன், நீங்க பார்த்திருப்பீங்க. செய்தித்தாள் தபால்தலை மாதிரி இல்லைங்கிறது எனக்கு அப்பத்தான் தெரிஞ்சுச்சு. ரெண்டா உரிஞ்சிருச்சு. முன்பக்கம் என் கையில. பின்பக்கம் பசையோட சேர்ந்து தாள்லயே தங்கிருச்சு. துத்தம் போட்ட பசை விடுமா? அதையும் எடுத்துரலாம்னு விரலை வச்சேன். தேய்க்கத் தேய்க்க மாவா உருண்டு வந்துச்சு. கீழே இருந்த பேருங்க போச்சு. ரெண்டு முகம் முழுசாப் போச்சு. மிச்சம் ரெண்டுல, ஒரு நெத்தியும் பொட்டும், இன்னொண்ணுல ஒரு காதும் கன்னமும் மட்டும் துண்டாக் கையில வந்துச்சு. ரெண்டும் பொம்பளை முகம். அதோட கையை எடுத்துட்டேன்.

அப்புறம் ஒருநாள் அச்சாபீஸ்காரர் ஒருத்தர்கிட்ட சும்மா கேக்குற மாதிரிக் கேட்டேன், லைட் மேசையில வச்சு எடுக்கிறது நிஜமாவே முடியுமான்னு. அரைமணி நேர வேலை சார்ன்னாரு.

அந்தத் திங்கக்கிழமை மாரிக்கனி வந்தா. அந்தத் துண்டுகளைக் காயவச்சு, ஒரு அட்டையில வச்சுக் கொடுத்தேன். நான் பட்ட பாட்டை எல்லாம் சொன்னேன். முழுசா வரல, ஆனா ரெண்டு பொம்பளையும் கொஞ்சம் கொஞ்சம் வந்திருக்கு, இதுல உங்க அம்மா எதுன்னு பார்த்துக்கம்மான்னு சொன்னேன்.

அவ ரொம்ப நேரம் பார்த்தா. "எனக்கு எப்படி சார் தெரியும்"ன்னா.

இப்பவும் ராத்திரி படுத்தா அந்தக் குரல் கேக்குது. வீட்டுல பெரியம்மாகிட்டக் காட்டும்மான்னு அனுப்பி வச்சேன். மறுநாள் வந்து நின்னா. பெரியம்மா பார்த்ததும் பொட்டு வச்ச நெத்தியைத் தொட்டு, இவதான், என் தங்கச்சிதான்னு அழுதாங்களாம். அப்புறம் என்னம்மா, நல்லதுதானேன்னேன். இல்ல சார், நான் எதை முதல்ல நீட்டியிருந்தாலும் பெரியம்மா அதைத்தான் சொல்லியிருப்பாங்க, நான் வெறுங்கையோட இருக்கக்கூடாதுன்னு சொல்றாங்கன்னா. அப்படி ஒரு பொண்ணு. யார் சொன்னாலும் நம்பாது, அதுக்கு ருசு வேணும். சொல்றதை எடுத்துக்கிட்டா என்னன்னு எனக்குக் கோபம்கூட வந்துச்சு.

அதுக்கப்புறம் அவ லைப்ரரிப் பக்கம் வரல. ப்ராஜெக்டும் கொடுக்கல. அதுல மார்க் போச்சு. எத்தனையோ பிள்ளைங்களுக்கு நான் எடுத்துக் கொடுத்தேன், எல்லாம் முடிச்சிருச்சு. இவ ஒருத்திதான் முடிக்கல. பன்னிரண்டாம் வகுப்போட நின்னுட்டான்னு கேள்விப்பட்டேன். இவ்வளவும் எதுக்குச் சொல்றேன்னா, ஆல்பம் சும்மா கெட்டுப்போகல, உதவி செய்யப்போய்த்தான் கெட்டுப்போச்சுன்னு நீங்க தெரிஞ்சுக்கணும்.

அப்புறம் எட்டு வருஷம். போன மாசம் சாத்தூர் பஸ் ஸ்டாண்டுல நின்னுக்கிட்டு இருந்தேன். குருவையா சார்தானேன்னு ஒரு குரல். திரும்பினா மாரிக்கனி. இடுப்புல இருந்து இறங்கி நிக்குது ஒரு பொம்பளைப் பிள்ளை, நாலு வயசு இருக்கும். என்னம்மா பண்றேன்னு கேட்டேன். பட்டாசு ஆலைதான் சார், மருந்துப் பக்கம் இல்ல, பெட்டி ஒட்டுற இடத்துலதான்னா. மாசா மாசம் சம்பளத்தன்னைக்கு ஸ்டுடியோவுக்குப் போய் இவளும் நானும் ஒரு படம் எடுத்துருவோம் சார், செல்லுல எடுத்தா அழிஞ்சுபோயிரும்ல, கழுவித்தான் வாங்குவேன்னா. சிரிச்சுக்கிட்டேதான் சொன்னா.

அந்தத் துண்டு என்னாச்சுன்னு நான் கேக்கல. அவளே சொன்னா. பெரியம்மா காட்டினதையே சட்டம் போட்டு மாட்டிட்டேன் சார், இவ பிறந்ததும் ஒரு அம்மாச்சி வேணும்ல, எதையாவது காட்டணும்லன்னா. நான் தலையை ஆட்டினேன். ருசு கேட்ட பொண்ணு டீச்சர் அது. அப்படிக் கேக்குற பொண்ணு என் முப்பது வருஷத்துல வேற வரல. அதை அன்னைக்குத்தான் எனக்குச் சொல்லத் தெரிஞ்சுச்சு. அவகிட்டச் சொல்லல.

அந்தப் பிள்ளை என்னையே பார்த்துக்கிட்டு இருந்துச்சு. அம்மாச்சி படத்தை எடுத்துக் கொடுத்த சார் இவங்கதான்னு மாரிக்கனி சொன்னதும், கிட்ட வந்து, "நீங்க எங்க அம்மாச்சியப் பார்த்திருக்கீங்களா"ன்னு கேட்டுச்சு.

பார்த்திருக்கேன்னு சொன்னேன்.

மாரிக்கனி என்னை நிமிர்ந்து பார்த்தா. ஏதோ பிள்ளைக்காகச் சொல்றேன்னு நினைச்சிருப்பா. பொய் இல்ல டீச்சர். ஒரு துண்டை ஒட்டணும்னா முன்பக்கத்தைக் கவுத்து வச்சு, பின்பக்கத்துலதான் பசை தடவணும். நான் அதை ஒட்டின மாசக் கடைசிச் சனிக்கிழமை நாலு முகமும் பேரோட என்னைப் பார்த்துக்கிட்டுத்தான் கிடந்திருக்கும். சுப்புத்தாய் முகம் முழுசா, ஒரு கீறல் இல்லாம, என் மேசை மேல இருந்திருக்கு. அதுமேலதான் நான் பிரஷ்ஷை வச்சு இழுத்திருக்கேன். ஓரம் எல்லாம் நல்லாப் படுதான்னு குனிஞ்சு வேற பார்த்திருப்பேன்.

எப்படி இருந்தாங்கன்னு அந்தப் பிள்ளை அடுத்துக் கேட்டுச்சு. எனக்கு ஞாபகம் இல்ல டீச்சர்.